மீனைக் கொன்ற காற்று

சின்னப் பிள்ளையிடம் மீன் தொட்டி கீறச் சொன்னால், முதலில் ஒரு பெட்டி வரும். பிறகு மீன். பிறகு மீனின் வாயிலிருந்து மேலே போகிற மூன்று நாலு வட்டங்கள். உண்மையில் மீன் அப்படிக் குமிழி விட்டுக்கொண்டு திரிவதில்லை. ஆனாலும் அந்த வட்டங்கள் இல்லாமல் எங்களுக்குத் தொட்டி நிறைவதில்லை. கடையில் தொட்டி வாங்கினால் கூடவே ஒரு சின்னக் காற்று மோட்டரும், குழாய் நுனியில் செருக ஒரு கல்லும் தந்து விடுவார்கள். குமிழி வந்தால் மீன் உயிரோடு இருக்கும், குமிழி நின்றால் செத்துப்போகும் எண்டுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது.

இந்த எண்ணத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது தலைகீழாகப் போன ஒரு இடமும் இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் இருக்கிற வூட்ஸ் ஹோல் என்கிற சின்ன ஊர்தான் அது. அங்கே 19ஆம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில் கடல்நீர்த் தொட்டிகளில் இருந்த மீன்கள் காற்றினால் செத்துக்கொண்டிருந்தன. காற்றுப் போதாமல் இல்லை, கூடிப்போய்.

அதற்கு முதல் லண்டனுக்குப் போக வேண்டும்.

1846இல் அன்னா தின் என்கிற பெண் இங்கிலாந்தின் தெற்குக் கரையிலுள்ள டோர்கீயிலிருந்து சில உயிருள்ள பவளங்களை ஒரு சாடிக்குள் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பதவியில் இருந்தவர். வீடு நகரத்தின் நடுவில், கடலோ எங்கேயோ. கொண்டுவந்த கடல்நீரை ஊற்றிவிட்டுப் புதிதாக அள்ளிவர வழியில்லை, அதையே திரும்பத் திரும்பப் பாவிக்க வேண்டும். அவர் கண்ட வழி எங்கள் தேத்தண்ணிக் கடை வழி. திறந்த யன்னலுக்கு முன்னால் நின்று, நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி ஊற்றி ஆற்றுவது. ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம். ஆற்றியது அவர் இல்லை, வீட்டில் வேலைக்கு நின்ற ஒரு சிறுமி. அவளுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரித்தான் இருந்தது என்று தின் பிறகு எழுதினார். சிறுமியிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தப் பவளங்கள் பிழைத்தன. கடலிலிருந்து எடுத்த உயிர்களை நகர வீட்டுக்குள் நீண்ட காலம் காப்பாற்றிய முதல் முயற்சிகளில் ஒன்று அது. இத்தாலியின் சிசிலித் தீவில் ஜான் வில்ப்ரூ-பவர் 1832இலேயே கண்ணாடித் தொட்டியில் கடலுயிர்களை வைத்து ஆராய்ந்திருந்தார். அவரும் பெண். அக்குவாரியத்தின் கதை பெரும்பாலும் ஆண்களின் பெயரோடு சொல்லப்படுவதால் இதையும் குறித்து வைக்கிறோம்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் ஆற்றுகிற வேலையைத் தாவரத்திடம் கொடுத்தார்கள். ரொபேர்ட் வொரிங்டன் என்கிற வேதியியலாளர் தாவரமும் மீனும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கும் என்று 1850இல் காட்டினார். 1853இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் மீன் வீடு திறந்தது. அடுத்த வருசம் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூலோடு அக்குவாரியம் என்ற சொல்லே பரவியது. நடுத்தர வர்க்கத்து வீடுகளில் தொட்டி ஒரு காய்ச்சலாகப் பரவி, பத்து வருசத்துக்குள் தணிந்தும் போனது. காரணம் லேசானது: பெரும்பாலான தொட்டிகள் நாறின.

தொட்டியைப் பொதுமக்கள் காசு கொடுத்துப் பார்க்கிற பெரிய இடமாக மாற்ற ஒரு வியாபாரி தேவைப்பட்டார். வில்லியம் அல்போர்ட் லொயிட் லண்டனில் தொட்டியும் மீனும் விற்ற கடைக்காரர். 1871இல் திறந்த கிறிஸ்டல் பலஸ் அக்குவாரியத்தில், காட்சித் தொட்டிகளை விடப் பெரிய ஒரு நீர்த்தேக்கத்தை அடியில், இருட்டில் வைத்தார். நீராவி இயந்திரங்கள் நீரை இரவு பகலாக மேலே ஏற்றின. தின் வீட்டுச் சிறுமியின் கை செய்ததை இப்போது இரும்பு செய்தது. நாங்கள் இண்டைக்கு வீட்டுத் தொட்டிக்குக் கீழே ஒரு இரண்டாவது தொட்டி வைத்து மோட்டரால் நீரைச் சுற்ற விடுகிறோமே, அதன் மூத்த வடிவம் அதுதான். இந்தக் கதைக்கு வேண்டிய ஆளும் அங்கேதான் உள்ளே வருகிறது: பம்பும் குழாயும்.

வூட்ஸ் ஹோலுக்கு வருவோம். ஐக்கிய அமெரிக்க மீன் ஆணைக்குழு 1871இல் தொடங்கப்பட்டது. கரையோரத்தில் மீன் குறைகிறது என்ற முறைப்பாடுகளுக்குக் காரணம் தேடுவது அதன் முதல் வேலை. 1880களில் வூட்ஸ் ஹோலில் நிரந்தரக் கட்டடம் எழுந்தது. குஞ்சு பொரிக்க வைக்கிற இடமும், ஆய்வுகூடமும், மக்கள் வந்து பார்க்கிற தொட்டிகளும் ஒன்றாக இருந்தன. முன்னால் கடல், கடலிலிருந்து பம்பினால் நீர். இதைவிட நல்ல நீர் எங்கே கிடைக்கும்?

ஆனால் தொட்டி மீன்கள் சுகமாக இல்லை. செட்டைகளின் மெல்லிய தோலுக்குள் சின்னச் சின்னக் குமிழிகள். கண் வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது. சில மீன்களுக்கு வெளியில் ஒன்றும் தெரியாது. நல்லாத்தான் நீந்தும், பிறகு செத்து மிதக்கும். மீன் சந்தையில் மூடியைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறோமே, அந்தப் பூவின் நுண்ணிய குழல்களுக்குள் இரத்தம் ஓட வேண்டிய இடத்தில் வாயு அடைத்திருந்தது. இதயத்துக்குள்ளும் வாயு.

இதை எடுத்து ஆராய்ந்தவர் எஃப். பி. கோரம், பிறவுண் பல்கலைக்கழகத்து உயிரியலாளர். பக்டீரியா ஆராய்ச்சி அவருடைய துறை. அது கிருமிகளின் காலம். எந்த நோய்க்கும் பின்னால் ஒரு கிருமி ஒளிந்திருக்கும் என்று எல்லோரும் நம்பத் தொடங்கியிருந்த காலம். ஆனால் அவருடைய முதல் விளக்கம் கிருமி இல்லை, அமுக்கம். ஆழத்தில் வாழ்ந்த மீனை ஆழமில்லாத தொட்டிக்குக் கொண்டுவந்தால் அதன் மீதிருந்த நீரின் அமுக்கம் குறைகிறது. அமுக்கம் குறைந்தால் உடலுக்குள் கரைந்திருந்த வாயு குமிழியாக வெளியே வரும். இதற்கு ஒரு பழைய சாட்சியும் இருந்தது. ரொபேர்ட் பொயில் ஒரு விரியன் பாம்பைக் கண்ணாடிப் பாத்திரத்துக்குள் வைத்து காற்றை உறிஞ்சி எடுத்தபோது, பாம்பின் கண்ணுக்குள் ஒரு குமிழி அங்குமிங்கும் அசைவதைக் கண்டு 1670இல் எழுதி வைத்திருந்தார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அமுக்கத்தைக் குறைத்தால் மீனில் குமிழி வரும், கூட்டினால் குமிழி கரையும், இரண்டும் உண்மை. ஆனால் இந்த இரண்டு உண்மைகளும் நோயின் காரணத்தைச் சொல்லவில்லை. மீனின் உடம்பில் வாயு கூடிப்போனதற்கு வேறு எந்தக் காரணம் இருந்தாலும், ஆழத்துக்கு இறக்கினால் அது கரையத்தான் செய்யும். மருந்து வேலை செய்தது என்பதற்காக நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஆகாது. எங்கள் ஊர்ப் பரிசோதனைக் கூடங்களிலும் அரசியல் மேடைகளிலும் அடிக்கடி மறக்கப்படுகிற விசயம், ஆனால் அதை இங்கே நீட்டவில்லை.

விடை மீனுக்குள் இல்லை, குழாய்க்குள் இருந்தது. கோரமும், மீன் திணைக்களத்தில் மீன் நோய்களைப் பார்த்த எம். சி. மார்ஷும் சேர்ந்து மறுபடி தேடினார்கள். பம்புக்குப் போகிற உறிஞ்சு குழாயில் ஒழுக்கு இருந்தது.

வீட்டுக் கிணற்றில் மோட்டர் போட்டு இறைத்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பம்புக்கு அங்கால் பக்கக் குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் பீச்சியடிக்கும், உடனே கண்டுபிடித்து விடலாம். இங்கால், உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஒரு துளி நீரும் வெளியே வராது. உள்ளே அமுக்கம் குறைவு, வெளியே வளிமண்டலம் கூட. ஆகவே காற்றுத்தான் உள்ளே போகும். மோட்டர் காத்து இழுக்குது என்று சொல்லுவோமே, அதேதான். தோட்டக்காரருக்கு அதனால் தண்ணீர் குறையும், அவ்வளவுதான். மீனுக்கு வருவது வேறு.

உள்ளே நுழைந்த காற்றைப் பம்ப் நீரோடு சேர்த்து அமுக்குகிறது. அமுக்கம் கூடினால் நீரில் கரைகிற வாயுவின் அளவும் கூடும். இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி 1803இல் சொன்ன விதி, எங்கள் உயர்தர இரசாயனப் புத்தகத்திலும் இருக்கிறது. பத்து மீற்றர் உயரத்துக்கு நீரை ஏற்ற வேண்டுமென்றால் பம்புக்குள் கிட்டத்தட்ட ஒரு வளிமண்டலம் மேலதிக அமுக்கம் இருக்கும். அந்த அமுக்கத்தில் கரைந்த காற்று, தொட்டிக்குள் வந்து சாதாரண அமுக்கத்தில் விழும்போது நீருக்குத் தாங்காத சுமை. மூடி திறந்த சோடாப் போத்தல் மாதிரி. கொஞ்சம் குமிழியாக வெளியேறும், நீர் பால் மாதிரி வெளிறும். மிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தபடியே இருக்கும். மீன் அந்த நீரைப் பூவினூடாக எடுக்கிறது, வாயு இரத்தத்துக்குள் போகிறது, அங்கே குமிழியாகிறது.

ஆட்களை ஏமாற்றியதும் இந்த இடம்தான். நீருக்குள் கண்ணால் காணுகிற குமிழி, ஏற்கெனவே நீரை விட்டு வெளியேறிய காற்று. மீனைக் கொல்வது இன்னும் குமிழியாகாத காற்று. தெளிந்த நீரும் கொல்லும்.

வளியில் நாலில் மூன்று பங்குக்கு மேல் நைதரசன். ஒட்சிசனை மீனின் உடல் செலவழித்துவிடும். நைதரசனை என்ன செய்வது? மார்ஷும் கோரமும் முதன்மைக் குற்றவாளியாக நைதரசனைத்தான் நிறுத்தினார்கள். 1904ஆம் ஆண்டுக்கான திணைக்கள அறிக்கையோடு, 1905இல் அவர்களுடைய ஆய்வு வெளிவந்தது. மீன் வளர்ப்பவர்கள் இன்றும் வாயுக்குமிழி நோய் என்று சொல்லுவதன் அடிப்படை அதில் இருக்கிறது.

பரிகாரம்? ஓட்டையை அடை. அது முடியாவிட்டால், நீரைத் தொட்டிக்கு விடுவதற்கு முதல் அடியில் துளையிட்ட தட்டுகளினூடாக மெல்லிய தாரைகளாக விழவிடு. அதாவது, காற்றுக் கூடிப்போன நீரை இன்னும் நல்லாகக் காற்றுப்பட வை. முதலில் கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் சாதாரண அமுக்கத்தில் நீரும் காற்றும் உரசினால் சமநிலைக்குத்தான் போகும். குறைவாக இருந்தால் ஏறும், கூட இருந்தால் இறங்கும். யன்னலடியில் நின்று அந்தச் சிறுமி செய்த வேலை இரண்டு நோய்க்குமே மருந்து.

இனி வீட்டுத் தொட்டி. கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிற நண்பர்கள் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, தொட்டி முழுக்க ஊசிமுனை மாதிரிக் குமிழி மிதக்குது, என்ன செய்யிறது? நன்னீர்த் தொட்டியில் இந்தத் தொல்லை குறைவு. உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று முட்டினாலும் இலேசில் சேர்ந்து பெரிதாகா. சின்னதாகவே இருந்து நீரோட்டத்தோடு இழுபடும். இதே குணத்தைப் பயன்படுத்தித்தான் அழுக்கைக் குமிழியில் ஒட்டவைத்து நுரையாக வெளியே தள்ளுகிற ஸ்கிம்மர், 1960களில் ஜேர்மனியில் மீன் வளர்ப்போரிடம் பரவத் தொடங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில், 1961இல், ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் தன்னுடைய இயற்கை முறையை ஒரு அமெரிக்க மீன் வளர்ப்புச் சஞ்சிகையில் எழுதினார். கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைகள், வெயில், மெல்லிய ஒரு காற்றுக் குழாய், அவ்வளவுதான். கடலுக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு இயந்திரம் குறைவாகத்தான் தேவைப்பட்டது என்பது எங்களுக்கு ஆச்சரியமாக இல்லை. இன்று உலகம் முழுக்கப் பவளத் தொட்டிகள் அந்தப் பாறைகளை நம்பித்தான் இருக்கின்றன.

நண்பர்களுக்கு எங்கள் பதில், வூட்ஸ் ஹோலில் தேடிய ஒழுங்கை மாற்றித் தேடுவது: மீனைப் பார்க்க முதல் குழாயைப் பாருங்கோ. மோட்டரை ஐந்து நிமிசம் நிற்பாட்டினால் குமிழி போகிறதா? போனால் குமிழி நீரோட்டத்தோடுதான் வருகிறது. ஸ்கிம்மரை மட்டும் நிற்பாட்டிப் பார்த்தால் அதுவா இல்லையா என்று தெரியும். புதுசாகப் பூட்டிய ஸ்கிம்மர் சில நாள் குமிழி துப்பும், அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. கீழ்த்தொட்டியில் நீர் குறைந்து மோட்டர் வாய் மேற்பரப்பைச் சுழித்து இழுக்கிறதா என்று பாருங்கள். மேல்தொட்டியிலிருந்து வழிகிற நீர் உயரத்திலிருந்து தொப்பென்று விழுகிறதா? குழாய் நுனியை நீருக்குள் கொஞ்சம் தாழ்த்துங்கள். கீழ்த்தொட்டிக்குள் இரண்டு மூன்று கண்ணாடித் தடுப்பு வைத்து நீரை மேலும் கீழுமாக வளைத்து அனுப்பினால், மெல்லப் போகிற நீரிலிருந்து குமிழி தானாக மேலே வந்துவிடும். இதுவரை சொன்ன குமிழிகள் பெரும்பாலும் அழகைத்தான் கெடுக்கும். மூடியிலும் விளிம்பிலும் உப்புப் படியும், மீனுக்குப் பெரிய கேடில்லை.

கேடு வருகிற இடம் ஒன்றுதான். மோட்டர் தொட்டிக்கு வெளியே, குழாயால் உறிஞ்சுகிற மாதிரிப் பூட்டியிருந்தால், அந்த உறிஞ்சு பக்கத்துப் பொருத்துகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொருத்தைச் சுற்றி வசிலின் பூசுங்கள், அல்லது நீர் ஊற்றி நனைத்துப் பிடியுங்கள். எந்தப் பொருத்தை மூடும்போது குமிழி நிற்கிறதோ, ஓட்டை அங்கே. வெளியில் ஈரமே இல்லாத பொருத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேணும்.

தொட்டிக்குள் கற்ற இந்தப் பாடம் ஆறுகளுக்குப் போய்ச்சேர நெடுங்காலம் எடுத்தது. அமெரிக்காவின் வடமேற்கில் கொலம்பியா ஆற்றில் 1930களிலிருந்து அணைக்கட்டுகள் எழுந்தன. வான் பாய்கிற நீர் உயரத்திலிருந்து ஆழமான மடுவுக்குள் விழுகிறது. விழும்போது இழுத்துச் செல்கிற காற்றை ஆழத்தின் அமுக்கம் கரைத்துவிடுகிறது. அணையே ஒரு பம்ப், மடுவே அதன் குழாய். 1960களில்தான் வெஸ்லி ஈபெல் முதலானோர் ஆற்றின் நீளத்துக்கு நைதரசனை அளந்தார்கள். 1968இல் ஜோன் டே அணை திறந்தபோது, மின் பிறப்பாக்கிகள் முழுதாகத் தயாராகாத நிலையில் பெருவெள்ளம் வான் வழியாகவே போனது. கரைந்த நைதரசன் சாதாரண நிரம்பலின் 120 வீதத்தையும் தாண்டியது. சமன் மீன்கள் கூட்டமாகச் செத்தன. இந்த ஆற்றின் சமன் மீது யகாமா, உமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பேர்ஸ் மக்களுக்கு 1855 ஒப்பந்தங்கள் உறுதிசெய்த உரிமை உண்டு. அவர்களுடைய தொன்மையான மீன்பிடி இடமான சிலைலோ நீர்வீழ்ச்சியை, தி டாலஸ் அணையின் நீர் 1957இலேயே மூடியிருந்தது. இடம் போனது. பிறகு இருந்த மீனும் போனது. வான் அடியில் நீரை ஆழத்துக்கு விடாமல் மேற்பரப்போடு தள்ளுகிற கொங்கிறீட் விளிம்புகளைக் கட்டத் தொடங்கியது 1970களில். கரைந்த வாயுவுக்கு 110 வீதம் என்ற எல்லையும் அந்தப் பத்தாண்டில்தான் வந்தது. மார்ஷும் கோரமும் எழுதி அப்போது ஏழு பத்தாண்டு.

இதே குமிழி மனித உடம்புக்குள்ளும் வரும். நியூயோர்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றடியில் அத்திவாரம் போட்டபோது, அமுக்கக் காற்றுக்குள் வேலை செய்தவர்கள் மேலே வந்ததும் மூட்டுவலியால் துடித்தார்கள். தலைமைப் பொறியியலாளர் வொஷிங்டன் ரோப்லிங்கே 1872இல் அதனால் முடங்கினார். குற்றவாளி நைதரசன் என்று பிரான்சின் போல் பேர் 1878இல் காட்டினார். கோரம் வூட்ஸ் ஹோலில் முதலில் நினைத்த விளக்கம், மீனுக்குப் பிழைத்தாலும் சுழியோடிக்குச் சரி.

எங்கள் கடலிலிருந்தும் வெளிநாட்டுத் தொட்டிகளுக்கு அலங்கார மீன் போகிறது. பவளப் பாறைகளுக்கிடையில் சிலிண்டரோடு இறங்கி, கைவலையால் ஒவ்வொன்றாகப் பிடிக்கிற மீன்கள் அவை. கடலட்டைக்கு இறங்குகிறவர்களும் இப்படித்தான். கரையோரத்தில் குறைந்துபோனால் இன்னும் ஆழத்துக்குப் போக வேண்டும், ஒரே நாளில் பல தடவை இறங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரத்தத்தில் நைதரசன் கூடுகிறது. அவசரமாக மேலே வந்தால் மூட்டுவலி, உணர்வில்லாத கால், சிலருக்கு எழுந்து நடக்கவே முடியாத நிலை. ஆடுகளை வைத்துப் பரிசோதித்து, எந்த ஆழத்திலிருந்து எத்தனை கட்டமாக நின்று நின்று ஏற வேண்டும் என்ற அட்டவணையை ஜோன் ஸ்கொட் ஹால்டேன் 1908இலேயே போட்டுக் கொடுத்துவிட்டார். அதன்படி ஏறுவதற்குச் சிலிண்டரில் மிச்சக் காற்று வேண்டும், கையில் ஒரு மணிக்கூடு வேண்டும், மேலே படகில் அவசரப்படுத்தாத ஒரு ஆள் வேண்டும்.